நிச்சயத்தன்று விட்ட காய்ச்சல்

மழை பெய்தால் எங்கள் கிள்ளானில் சாக்கடையில் தண்ணீர் ஓடும். ஆவடியில் சாலையிலேயே ஓடுகிறது. அதில் பேருந்து, பசுமாடு, பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒன்றாக வருகின்றன, யாருக்கும் பதற்றமே இல்லை. மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முதல் சென்னைப் பயணம். மகன் ஆல்வினுக்கு ஆவடியில் பெண் முடிவாகியிருந்தது. கணவர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் கிடந்தார். ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் என்று வந்தது நானும் மாப்பிள்ளையும் மட்டும்தான்.

தங்கியது அம்பத்தூரில். அங்கிருந்து ஆவடிக்கு எங்களை ஏற்றிக்கொண்டவர் டில்லிபாபு என்ற ஆட்டோக்காரர். முழங்கால் அளவு தண்ணீரைப் பார்த்து நான் தயங்கியபோது, "இன்னாத்துக்கும்மா பயப்படுற? குந்து. தண்ணிக்கு நம்ம வண்டிய நல்லா தெரியும்" என்றார். நட்ட நடுவில் வண்டி இருமிவிட்டு நின்றுவிட்டது. பெண்ணுக்கு வாங்கிய பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, ஆல்வினும் டில்லிபாபுவும் இறங்கித் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் தள்ளுகிற கைகள் அதிகமாகியிருந்தன. டீக்கடையில் நின்றவர்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரும் கேட்காமலே வந்து தள்ளிவிட்டு, நன்றி சொல்வதற்குள் டீயைக் குடிக்கத் திரும்பிப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் இதற்கு இழுவை வண்டிக்காரனுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருப்போம்.

பெண்ணின் அப்பா சவரிமுத்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் நான் வாயைப் பிளந்தேன். வெளியே அத்தனை இரைச்சல், உள்ளே அகலமான தெருக்கள், பெரிய பெரிய மரங்கள், ஒரே மாதிரி வீடுகள். ஒரு வாசலில் நெல்லைத் தமிழ் கேட்கிறது, அடுத்த வாசலில் கோயம்புத்தூர்த் தமிழ். முழுத் தமிழ்நாட்டையும் சுருக்கி ஒரு வளாகத்துக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

பெண் பெயர் ஜான்சி. முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காபித் தட்டோடு வந்தவள் குனிந்த தலை நிமிரவில்லை. கேட்டதற்கு ஒரு சொல், இரண்டு சொல். முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது. எதிரே வைத்த கேசரியைத் தொடவே இல்லை. விளக்கைப் போட்டதும் கண்களை இறுக்கிக்கொண்டாள். "வெட்கம்" என்றார் அவளுடைய அம்மா செலின். நானும் சொக்கிப்போனேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அன்று மாலையே கணவருக்குப் போன் போட்டு, "அவ்வளவு அடக்கம், நிமிர்ந்துகூடப் பாக்கல" என்று பெருமையடித்தேன். பக்கத்தில் இருந்த ஆல்வின்தான் நெற்றியைச் சுருக்கினான். "போன்ல ரொம்ப பேசுவாம்மா. என்னை வாயைத் திறக்கவே விடமாட்டா" என்றான். போனில் எல்லாரும்தான் பேசுவார்கள், நேரில் பார்த்தால் வெட்கம் வரும் என்று அவன் வாயை அடைத்தேன்.

மறுநாள் ஊர் சுற்றினோம். அம்பத்தூரில் ஒரு சின்னக் கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். மீந்துபோன வடையை உதிர்த்துச் செய்த குழம்பாம். இதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். பிறகு புறநகர் ரயிலில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக என்னை நுழைத்துக்கொண்டு, திருநின்றவூர் வரை போகிற ஒரு பூக்காரம்மா தன் மருமகள் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். இறங்கும்போது என் தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது.

நிலைய வாசலில் நிலவேம்புக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "டெங்கு சீசன்மா, குட்ச்சிட்டுப் போ" என்று ஒருவர் காகிதக் கோப்பையை நீட்டினார். நோய்க்குக் கேட்குமா தெரியாது, என் நாக்கு மட்டும் அன்று முழுவதும் செத்துக் கிடந்தது. டெங்கு எங்களுக்கும் புதிதில்லை. நாங்கள் டிங்கி என்போம். எனக்கே வந்திருக்கிறது. தினமும் கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். காய்ச்சல் விட்ட அன்று, இனி எதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். நர்ஸ் போன் போட்டு, "இன்னைக்குத்தான் கண்டிப்பா வரணும்" என்று திட்டினாள். அதே சமயம் எங்கள் வரிசை வீட்டு ஆசிரியர் ஒருவர் காய்ச்சல் விட்டுவிட்டதென்று பள்ளிக்கூடம் போனவர், அங்கேயே சுருண்டு விழுந்து இறந்துபோனார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். குனிந்த தலையோடும் சிவந்த முகத்தோடும் இருந்த பெண்ணை அதோடு சேர்த்து யோசிக்கவில்லை.

நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பலி முடிந்தபின், குவார்ட்டர்ஸ் சமுதாயக்கூடத்தில். மழை விட்டு வெயில் அடித்தது. மண்டபம் வெந்துகொண்டிருந்தது. ஃபாதர் மோதிரங்களை மந்திரிக்கத் தயாராக நின்றார். அதற்குமுன் நான் பெண்ணுக்கு வளையல் போட வேண்டும். ஜான்சி மேடைக்கு வந்தாள். முகத்தில் கனமான மேக்கப், முழங்கை வரை மருதாணி, நகங்களில் கருஞ்சிவப்புச் சாயம். சிலையாட்டம் இருந்தாள்.

வளையலைத் தள்ள அவள் கையைப் பிடித்தேன். எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டும் அந்த மண்டபத்தில் அவள் கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனாகச் சில்லிட்டிருந்தது. ஈரமாக இருந்தது. அவள் காதருகே குனிந்தேன்.

"என்னம்மா பண்ணுது?"

"வயிறு வலிக்குது அத்தை. ரொம்ப."

"காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

அவள் செலினைப் பார்த்தாள். பிறகு, "நாலஞ்சு நாளா இருந்துச்சு. இன்னைக்குக் காலைல விட்டுடுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

"நேத்து."

"சூப்பர்மா, அப்படியே பேசிக்கினே இருங்க, நல்லா வருது" என்றார் போட்டோ எடுப்பவர். வருங்கால மாமியார் மருமகளின் காதில் ரகசியம் பேசும் அந்தப் படம் இப்போது என் போனில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

வளையல் தட்டைக் கீழே வைத்தேன். "நிறுத்துங்க. பொண்ண உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மண்டபம் அடங்கிவிட்டது. சவரிமுத்து மேடைக்கு ஓடிவந்து கைகூப்பினார். "சம்பந்தி, எங்க மேல கொறை ஏதாவது இருந்தா உள்ள போய்ப் பேசிக்குவோம். இத்தனை பேர் முன்னாடி வேணாம்" என்றார். குறை ஒன்றும் இல்லை, காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்து என்றேன். யாருக்கும் புரியவில்லை. காய்ச்சல் இருந்தால் ஆபத்து என்றால் புரியும். விட்டதால் ஆபத்து என்றால் சாக்குச் சொல்வது மாதிரித்தானே இருக்கிறது?

செலின் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "மோதிரம் மட்டும் மாத்திக்கட்டும். அஞ்சே நிமிஷம். பாதில நின்னா நாளைக்கு என் பொண்ண எவன் கட்டுவான்?" அந்த அம்மா பயப்பட்டதில் தப்பே இல்லை. முன்வரிசையில் ஒருத்தி அடுத்தவளிடம், "நெறம் பத்தலையாம்" என்று சொன்னது அதற்குள் என் காதிலேயே விழுந்தது.

இவர்களோடு பேசி மாளாது என்று ஆல்வினைப் பார்த்தேன். பையன் மோதிரப் பெட்டியை ஃபாதரிடம் நீட்டிவிட்டு, அந்தப் பெண்ணை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான். மோதிரம்கூட மாற்றவில்லை, அதற்குள் தூக்கிவிட்டான் என்று மண்டபமே மூச்சை இழுத்தது. ஃபாதர் மட்டும், "போங்க, போங்க, நான் இங்க பாத்துக்கறேன்" என்று வழி விட்டார்.

அலங்கரித்த காரின் டிரைவரைக் காணவில்லை. நாங்கள் கூப்பிட்டதால் விருந்தாளியாக வந்து, சடங்கு முடியும்முன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்ட டில்லிபாபு, பிரியாணிக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "சப்வேல தண்ணி நின்னுகினு கீது. நான் வேற ரூட்ல இட்டுகினு போறேன். பொண்ண கெட்டியா புட்ச்சிக்கோமா." செலினும் நானும் இரண்டு பக்கமும், ஜான்சி நடுவில். ஆல்வின் யாருடைய பைக்கிலோ பின்னால் வந்தான்.

கடைத்தெருவில் நெரிசல். டில்லிபாபு தலையை வெளியே நீட்டி, "கல்யாணப் பொண்ணு சீரியஸ்பா, வழி வுடுங்கப்பா" என்று கத்தினார். அடுத்து நடந்ததை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காத அந்தச் சாலை பிளந்தது. பழவண்டிக்காரர் தள்ளுவண்டியை நடைபாதை மேலேயே ஏற்றிவிட்டார். முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள் பைக்கில் முன்னால் போய்க் கையசைத்து வண்டிகளை ஒதுக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். செலின் மட்டும் எதையும் பார்க்கவில்லை. "காய்ச்சல் விட்டுச்சுன்னு காலைல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்பத்தூர்ப் பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஓர் இளம்பெண் டாக்டர். ரத்த ஓட்டம் பார்க்க ஜான்சியின் கைவிரல் நகத்தை அழுத்தப் போனார். சாயம். கால் நகத்துக்குப் போனார். அங்கும் சாயம். உள்ளங்கையைத் திருப்பினார். மருதாணி. "பாக்கறதுக்கு ஒரு இடம் விட்டு வைக்கலையே" என்று சொல்லிக்கொண்டே நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்றது, நிறம் திரும்ப நேரமாயிற்று. நர்ஸ் ஈரப் பஞ்சால் முகத்தைத் துடைத்தாள். கன்னத்து ரோஜா நிறம் முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் இருந்த முகத்தைப் பார்த்து செலின் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வந்துவிட்டன என்றார் டாக்டர். இன்னும் நெருங்கினால் நாடி கிடைக்காது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியானது. தெருமுனைக் கிளினிக்கில் முன்பே இந்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்களாம். நிச்சயம் முடியட்டும் என்று வீட்டில் தள்ளிவைத்துவிட்டு, மாத்திரையில் காய்ச்சலை அடக்கியிருக்கிறார்கள்.

"விட்டதுலதான் விஷயமே இருக்கு" என்றார் டாக்டர். "காய்ச்சல் இறங்குற சமயத்துல ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும். தண்ணி மாதிரி இருக்கறது வெளிய போயிடும், குழாய்க்குள்ள ரத்தம் கெட்டியாகும். கசிஞ்சது வயித்துலயும் நெஞ்சுக்கூட்டுலயும் போய் நிக்கும். அதான் வயித்துவலி."

"நிறுத்த மருந்து?" என்று கேட்டான் ஆல்வின்.

"கிடையாது. ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள், அப்புறம் அதுவே நின்னுடும். அதுவரைக்கும் குழாய் காலியாகாம டிரிப்ஸ் ஏத்தணும். கம்மியா ஏத்தினா நாடி விழுந்துடும். ஜாஸ்தி ஏத்தினா நெஞ்சுல தேங்கி மூச்சு முட்டும். பாத்துப் பாத்துத்தான் போகணும்."

வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஒரு பெண் உள்ளுக்குள்ளேயே வற்றிப்போக முடியும்! இதைச் செய்வது என் மூக்குத்திக் கல் அளவுகூட இல்லாத ஒரு கொசு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதை நினைக்க நினைக்க எனக்குப் பயம் ஒரு பக்கம், மலைப்பு ஒரு பக்கம். நர்ஸுகள் ஓயாமல் வந்து நாடி பார்த்தார்கள், கை சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள், சொட்டின் வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஊசி மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கவனம்தான் வைத்தியமாக இருந்தது.

இரண்டு நர்ஸுகள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். "நிச்சயத்தை மேடையிலேயே நிறுத்திட்டாங்களாம். மாமியார்க்காரி அதோ அந்தத் தடிச்ச அம்மாதான்" என்பது அதன் பொருள். கிள்ளானில் எனக்குப் பக்கத்து வீடு மலையாளிகள். எனக்கு ஒரு நாற்காலி இன்னும் கொஞ்சம் அகலமாகக் கிடைக்குமா என்று மலையாளத்திலேயே கேட்டேன். பிறகு அவர்கள் எனக்கு நல்ல சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

வராந்தாவில் திருவிழாக் கூட்டம். சவரிமுத்துவோடு வேலை பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்துவிட்டார்கள், ரத்தம் கொடுக்க. ஒருவர் இளநீர்க் குலையோடு வந்தார். ஒருவர் பப்பாளி இலையை அரைத்தே எடுத்து வந்திருந்தார். எல்லார் போனிலும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்ளோ?" கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி கேட்டார்கள். குறைந்தது என்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்கள். டாக்டர் வெளியே வந்து, இந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு இல்லை, பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை, பப்பாளி இலையும் வேண்டாம் என்றார். "அந்த நம்பரையே பாத்துட்டு இருக்காதீங்க. அவ நல்லா யூரின் போறாளான்னு பாருங்க. அது போனா உள்ள ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம்."

அவ்வளவுதான், வராந்தாவின் பேச்சு மாறிவிட்டது. ஒன்றுக்குப் போனாளா, இல்லையா? ஃபாதர் ஜெபமாலையோடு வந்து உட்கார்ந்தார். கிள்ளானிலிருந்து கணவர் அடிக்கடி அதையே கேட்டார். டில்லிபாபு சவாரிக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, "போச்சா?" என்றார். இரண்டு நாடுகளில் இத்தனை பேர் இதற்காகக் காத்திருப்போம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். கடைசியில் நர்ஸ் கதவைத் திறந்து, "போனா, நல்லாவே போனா" என்றாள். சவரிமுத்து சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தொழிற்சாலைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன், வெட்கப்படாமல்.

டாக்டர் சொன்னபடியே கசிவு தானாக நின்றது. அதைவிடப் பெரிய அதிசயம், வயிற்றிலும் நெஞ்சிலும் கசிந்திருந்த நீரையெல்லாம் அவள் உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொண்டதுதான். உடனே டிரிப்ஸைக் கழற்றிவிட்டார்கள். இனி ஏற்றினால்தான் ஆபத்தாம். பிறகு கால்கள் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு தடித்து அரித்தன. செலின் அலறினார். டாக்டரோ அதைப் பார்த்துச் சிரித்தார், தேறிவருகிற அடையாளம் என்றார். ஆண்டவர் இந்த உடம்பை என்ன யோசனையோடுதான் படைத்தாரோ என்று எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலில் வேறு ஒரு பெண் சம்மணமிட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். காலைச் சொறிந்துகொண்டே, சட்னியில் உப்பில்லை என்று செலினிடம் குறைசொன்னாள். "ஸ்ட்ரெச்சர் இல்லாத ஊரா இது? எல்லார் முன்னாடியும் எதுக்குத் தூக்கினீங்க?" என்று ஆல்வினைக் கேட்டாள். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தாள். குரல் வார்டின் அந்தக் கோடி வரை கேட்டது. ஆல்வின் வாயெல்லாம் பல்லாக நின்றான். "வாயாடி, தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஏய், கொஞ்சம் தலையைக் குனிஞ்சு பேசுடி" என்று செலின் தவித்தார்.

மருந்து வாங்க அவர்கள் வெளியே போனதும் ஜான்சி இட்லியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். மேடைல நீங்க நிறுத்தினப்ப எனக்குக் காது நல்லா கேட்டுச்சு. நெறம் பத்தலைன்னு யாரோ சொன்னாங்க. ஆட்டோல வர்றப்பகூட வயித்துவலியைவிட அதுதான் பெருசா இருந்துச்சு. இதுக்கு இப்படியே போயிட்டாலும் பரவால்லன்னு நெனச்சேன். உண்மையைச் சொல்லுங்க. என்னை உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

ரத்தம் வற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெண் இதையா நினைத்துக்கொண்டு வந்தாள்? ஆமாம், பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது எது? சிவந்த முகம், குனிந்த தலை, சாப்பிடாத வாய், விளக்கைப் பார்க்காத கண். நல்ல மருமகளுக்கு என்று நான் மனதில் வைத்திருந்த அடையாளம் அத்தனையும் டெங்குவின் அடையாளம். இவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அன்னைக்குக் காபி கொண்டுவந்த பொண்ணு பிடிச்சிருந்தது" என்றேன். "ஆனா அது நீ இல்லம்மா, காய்ச்சல். உன்னை இப்பதான் பாக்குறேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள், கண்ணை எடுக்காமல். பிறகு தட்டை மறுபடியும் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரி, நல்லா பாத்துட்டு நிதானமா சொல்லுங்க" என்றாள். "நானும் இன்னும் உங்களைப் பாத்து முடிக்கல."